சூப்பர்வைசர் பார்த்த பார்வை

முதலியார்பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலோரம் இருந்தவள் தையல் கம்பெனியின் நீலக் கோட்டை இன்னும் கழற்றவில்லை.

"அந்த சினிமாவ நான் பாக்காமலே இருந்திருக்கலாம்க்கா" என்றாள்.

"எந்த சினிமாடி?"

"என்னை சூப்பர்வைசர் ஆக்குனாங்கல்ல, அப்ப ட்ரெய்னிங்னு உக்கார வெச்சு, ஹிட்டான படத்துலேர்ந்து சீன் சீனா போட்டுக் காட்டுனாங்க. ஹீரோ வாயே தொறக்க மாட்டான். ஒரு பார்வைதான், மொத்தக் கூட்டமும் ஓடி ஓடி வேலை செய்யும். தலைமைன்னா இப்படி இருக்கணும்னாங்க."

"நீயும் அப்படி ஆயிட்டியா?"

"ஆமாக்கா. யார்கிட்டயும் பேச்சு வெச்சுக்கல. தையல் கோணலா போனா ஒரு பார்வை பாத்தேன். பரிதா லேட்டா வந்தா பாத்தேன்."

"பரிதா உன் பக்கத்து மிஷின்ல இருந்தவதானே? ஒரே டப்பால சாப்பிடுவீங்களே?"

"அவதான். அவங்கம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தாளாம், அதான் லேட்டு. எனக்கு நேத்துதான் தெரியும். ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை நான் கேக்கவே இல்ல."

"படத்துல ஹீரோ பாத்தா பின்னாடி மியூசிக் போடுவான், அவன் மனசுல என்னன்னு நமக்குப் புரிஞ்சிடும். உன் மனசு அவளுக்கு எப்படித் தெரியும்?"



"நேத்தோட வேலைய விட்டுட்டாக்கா."

"போறப்ப உன்னைத் திட்டினாளா?"

"திட்டியிருந்தா பரவால்லயே. வாசல்ல நின்னு என்னை ஒரு பார்வை பாத்தா. அவ்ளோதான்."