கடைசிப் பத்து நிமிடம்

வெள்ளவத்தையில் புறக்கோட்டை பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு அம்மாமார். ஜன்னலோரம் இருந்தவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"நேற்று என்ர மகனை மேட்ச் முடிய முதலே வெளியில எடுத்துட்டாங்கள். எனக்கெண்டா நல்ல சந்தோசம்."

நான் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தேன். பக்கத்தில் இருந்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"என்னக்கா கதைக்கிறீங்கள்? மாலைதீவு புட்போல் கிளப்பில அவர்தான் நடுவில நிண்டு பந்தைப் பிரிச்சுக் குடுக்கிறவர் எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம். ஆனா விளையாடேக்க போனில அவன் எறும்பு மாதிரித்தான் தெரியிறான். சட்டை நம்பரைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பந்து அங்கால போயிடும். வெளியில கொண்டுவந்து இருத்தினாத்தான் கமெரா கிட்டப் போய் முகத்தைக் காட்டும். நேற்று வடிவாப் பாத்தன். தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தான். முகம் கொஞ்சம் பூசினாப்போல இருக்கு. சாப்பாடு சரிவந்திட்டுது போல."

மற்றவர் சிரித்துவிட்டார். "அப்ப கோயில்ல என்னத்தைக் கேக்கிறனீங்கள்?"

"வேற என்னத்தை? ஒரு மேட்ச்சும் விடாமல் அவனை இறக்க வேணும் எண்டுதான்."

பம்பலப்பிட்டியில் கோபுரம் தெரிந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கடைசிப் பத்து நிமிசத்தை மட்டும் எனக்கு விடட்டும்."