வருஷத்தில் ஒரு நாள் பூட்டும் கேட்

மாலை நாலரை மணி. டிசம்பர் முடிகிற வாரம், அந்தக் குளிர் நாட்டில் அதற்குள் கும்மிருட்டு. ஹெல்ஸ்கோம் மாளிகைக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை... விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள், சொல்கிறேன். இது என் நண்பன் டெஸ்மண்டின் சித்தப்பா ஆல்வினுக்கு நடந்தது. அந்த மாளிகையின் தோட்டக்காரர் அவர்.

மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி, ஏரி, தனியாக ஒரு தேவாலயம். அந்த அழகுக்காக, முப்பாட்டன் காலத்தில் ஒரு ஊரையே கொளுத்தி இடித்த குடும்பம் அது. ஏழைகளின் வைக்கோல் கூரைகள் கண்ணை உறுத்தினவாம். ஜனங்களை மலைக்கு அந்தப்பக்கம் துரத்தினார்கள். தேவாலயத்துக் கல்லறைகளைத் துரத்த முடியவில்லை. அதனால் செத்தவர்களைப் புதைக்க மாளிகைத் தோட்டத்து வழியாகத்தான் வரவேண்டும். பல வருஷம் ஒரு நாளும் தடையில்லாமல் நடந்தால் வழி ஊருக்கே சொந்தம் என்பது சட்டம்; அப்படி ஆகிவிடக் கூடாதென்று வருஷத்தில் ஒரு நாள் கேட்டைப் பூட்டுவார்கள். எனக்கே இன்னும் ஆறவில்லை. பூட்டுகிற கை ஆல்வினுடையது.

அந்த நாளில்தான் அவருடைய அம்மாவின் சவப்பெட்டி வந்தது.

"ஐயா, அப்பா பக்கத்துல குழி வெட்டியாச்சு. அரை மணி நேரம் திறந்துவிடுங்க."

"நாளைக்குக் கொண்டு போ," என்றார் முதலாளி கேப்டன் வென். "பொணம் போன வழி ஊர் வழின்னு சொல்ற கூட்டம் நீங்க. இன்னிக்கு விட்டா, நாளைக்கு என் கூடத்து வழியாவும் போவீங்க. சாவியைக் குடு. உன் அம்மா எங்கயும் ஓடிடமாட்டா."

 ஆல்வின் குடியிருந்த வீடும் கேப்டன் கொடுத்தது. பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கேட்டுக்கு வெளியே இருந்த அந்த வீட்டில், இரண்டு நாற்காலிகள்மேல் பெட்டியை வைத்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இவனுங்க குடும்பம் விளங்குமா," என்று பல்லைக் கடித்தார்.

டக்... டக்... வெளியே மரச்செருப்புச் சத்தம்; இடித்த ஊரின் ஜனங்கள் அந்தக் காலத்தில் போட்டது, இப்போது யாரும் போடுவதில்லை. நனைந்த கூரை வைக்கோல் எரிகிற வாடை. சத்தம் வாசலில் நின்றது.

"வா ஆல்வின்... பெட்டி தூக்க ஒரு தோள் குறையுது."

அதற்குமேல் அவருக்கு நினைவில்லை.

காலையில் நாற்காலிகள் காலி. கேட்டில் பூட்டு அப்படியே தொங்கியது, அதன்மேல் கலையாத பனி. கேட் மேல் ஏறிக் குதித்துப் போய்ப் பார்த்தார்; தேவாலயத்தில் குழி மூடியிருந்தது.

மாளிகையில் கேப்டன் கத்துவது கேட்டு ஓடினார். கூடத்துக் கம்பளத்தில், பூட்டிய முன்கதவிலிருந்து பூட்டிய பின்கதவு வரை சேறு. ஆறு பேர் நடந்த தடம். ஐந்து மரச்செருப்பு. ஆறாவது பூட்ஸ், இடது குதிகாலில் ஒரு ஆணி இல்லை.

"துடைடா இதை."

"துடைக்கலாம் ஐயா. ஆனா இனிமே இது ஊர் வழி."

சொல்லிவிட்டு ஆல்வின் தன் இடது பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். சேறு இன்னும் காயவில்லை.