தொற்காள் நின்ன படி

ஏய், அந்தத் தொட்டியோட நடுப்படியில நின்னு போட்டோ எடுக்காதீங்கப்பா. இறங்குனா முழுசா இறங்குங்க, ஏறுனா முழுசா ஏறுங்க. என்ன இளிப்பு? வாங்க இப்படி, தொட்டி மேட்டுல உக்காருங்க. காலம் பூரா லாரி ஓட்டினவன் நான், குரல் ஹாரன் மாதிரித்தான் இருக்கும். காதைப் பொத்தாமக் கேளுங்க.

ரொம்ப ரொம்ப முந்தி, இதே கல்லாங்காட்டுல, தொற்காள்னு ஒருத்தங்க வாழ்ந்தாங்களாம். எங்க தாத்தாவைப் பெத்தவங்க. அப்போ ஊருக்கு ரோடு கிடையாது, கரண்டு கிடையாது. சோளக்காடும் கல்லும்தான். ஆனா சபை இருந்துச்சு, இந்தத் தொட்டியும் இருந்துச்சு. கிணத்துல மாடு பூட்டி இறைச்சுத்தான் தொட்டியை ரொப்புவாங்களாம்.

நம்மது முழுக்கு சபை. கைக்குழந்தை நெத்தியில தண்ணி தெளிச்சா அதை நாம ஞானஸ்நானம்னு ஒத்துக்க மாட்டோம். வளந்து, தானா நம்பி, தானா வந்து தொட்டியில இறங்கி முங்கணும். அப்படி முங்கினவங்களுக்குத்தான் பந்தி. அதான்ப்பா, மாசா மாசம் குடுக்குற அப்பமும் திராட்சை ரசமும். முங்காதவங்களுக்குக் கிடையாது. யாரா இருந்தாலும் கிடையாது.

தொற்காள் கல்யாணம் கட்டி வந்தது வெள்ளப்பாறையில இருந்து. அங்க தெளிப்பு சபை. புருசன் மாசிலாமணி, வாயில்லாப் பூச்சி. அவருக்கு அண்ணன் யோபு, சபையில பெரிய டீக்கன், போதகருக்கு அடுத்த ஆள். அந்த ஆள் இரும்புப்பா. பந்தியன்னிக்கு அப்பத்தட்டைத் தூக்கிட்டு வர்றது அவர்தான். பாய் பாயா வருமாம் தட்டு. தொற்காள்கிட்ட வந்ததும் தாண்டிப் போயிருமாம். அந்தப் பக்கம் புருசன் திம்பாரு, இந்தப் பக்கம் நேத்து முங்கினவ திம்பா, இவங்க மடியில கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம்.

ஒரு நாள்கூட அவங்க கண்ணு கலங்கினதில்லைன்னு ஊர்ல சொல்லுவாங்க. பொய்! வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னாடி உக்காந்து அழுவாங்களாம். கேட்டா, புகைன்னு சொல்லுவாங்களாம். இது எங்க தாத்தா கண்ணால பாத்தது.

அப்படி இருக்கையில, சீமையெல்லாம் ஒரே பேச்சாம். எல்லா சபையும் ஒண்ணாச் சேரப் போகுதுன்னு. பள்ளிக்கூட வாத்தியார் சற்குணம் சபை நடுவுல எந்திரிச்சு நின்னாராம்.

"நாமளும் சேரணும். வெள்ளப்பாறை சபையும் நாமளும் ஒரே சபை, ஒரே பந்தி. ஆண்டவர் ஒருத்தர்தானே? அப்புறம் எதுக்கய்யா ரெண்டு தட்டு?"

யோபு உக்காந்த இடத்துல இருந்தே, "பால் ஒண்ணுதான் வாத்தியாரே. அதுக்காகத் தண்ணி ஊத்தி விக்கச் சொல்றீங்களா?"

"உங்க தம்பி சம்சாரத்தைப் பாருங்க. இத்தனை வருசமாப் பட்டினி போட்டு வெச்சிருக்கீங்களே, அந்தம்மா விசுவாசி இல்லையா?"

"தொட்டி அங்கேயேதான் கிடக்குது. நான் என்ன மூடியா போட்டு வெச்சிருக்கேன்?"

அவ்வளவுதான். சபை ரெண்டாப் போச்சு. நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னு போச்சு. ஒரே கிணத்துல ரெண்டு கயிறு வந்துச்சாம். கடைசியில கோயில் கதவுல யோபு கட்சி ஒரு பூட்டு, வாத்தியார் கட்சி ஒரு பூட்டு. அடக் கண்றாவியே! கர்த்தரே வந்தாலும் வெளிய நிக்க வேண்டியதுதான். ரெண்டு கட்சிக்கும் வாய்க்கு அவல் தொற்காள்தான். அவங்க பேரைச் சொல்லாத சண்டையே இல்லையாம்.

அப்போ யாரு மூளையில உதிச்சுதோ தெரியாது. 'தொற்காள் முங்கிட்டா என்ன? யோபுவுக்குச் சட்டம் நிக்கும். வாத்தியாருக்கு அந்தம்மா பட்டினி தீரும். பூட்டைத் திறந்துரலாம்'னு ஒரு பேச்சு. யோபு சரின்னாராம். வாத்தியாரும் சரின்னாராம். ஊரே சரின்னுச்சாம். தொற்காளை ஒருத்தர் கேக்கணுமே? கேக்கலை.

மாசிலாமணிதான் வந்து சொன்னாராம். "தொற்காளு, ஒரு முங்கு. எந்திரிச்சா முடிஞ்சுது. சபை உடைஞ்சா நானும் அண்ணனும் இந்த ஜென்மத்துல மூஞ்சி பாத்துக்க மாட்டோம். எனக்காக இறங்குடி."

தொற்காளுக்குப் புருசன் மேல உசுரு. அவர் அழுது அன்னிக்குத்தான் பாக்குறாங்க. ஆனா இந்தப் பக்கம், அவங்கப்பன் அவங்களைக் கையில ஏந்தி நெத்தியைக் காட்டினதும், தான் வளந்து ஆண்டவரை நம்பி முட்டி போட்டதும் மனசுல வந்து நிக்குது. அதெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு ஆயிருமேன்னு ராவெல்லாம் தூங்கலை. விடிஞ்சதும், "சரிங்க"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்களாம்.

ஞாயித்துக்கிழமை. தொட்டி ரொம்பித் தளும்புது. ரெண்டு கட்சியும் ரெண்டு கரையில. வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு தொற்காள் ஒவ்வொரு படியா இறங்குறாங்க. இந்த நடுப்படிக்கு வந்தப்போ தண்ணி முழங்கால் அளவு. கீழ இடுப்பளவு தண்ணியில நம்ம போதகர் ஐயர் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. எல்லாருகிட்டயும் கேக்குற கேள்வியை அவங்ககிட்டயும் கேக்குறாரு.

"மகளே, எவர் கட்டாயமுமின்றி, உன் சொந்த விசுவாசத்தினாலே இதிலே இறங்குகிறாயா?"

எல்லாரும் 'ஆமாங்க ஐயா'ன்னுதான் சொல்லுவாங்க. எவனும் யோசிச்சுச் சொன்னதில்லை. தொற்காள் கரையைப் பாத்தாங்களாம். புருசன் கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறாரு. சொல்லிருடின்னு அவர் உதடு அசையுது. தண்ணியைப் பாத்தாங்களாம்.

"இல்லீங்க ஐயா."

கரையில ஒரு சத்தம் எந்திரிச்சுது பாருங்க! "என்னது!" "ஐயையோ, மானம் போச்சே!" ஐயர் நீட்டின கை தண்ணியில விழுந்துச்சு. அப்போ தொற்காள், அதுநாள் வரைக்கும் எந்த யோபு முன்னாடி வாயைத் திறந்ததில்லையோ, அந்த யோபுவைப் பாத்துத் திரும்பினாங்களாம்.

"பெரிய மாமா, எதுத்துப் பேசுறேன்னு நினைக்காதீங்க. அடுத்தவங்களுக்காக இறங்கினா அதுக்குப் பேரு குளியல்னு பிரசங்கம் பண்றது நீங்கதானே? நான் இன்னிக்கு என் வீட்டுக்காரருக்காக இறங்கியிருக்கேன். வாத்தியாருக்காக இறங்கியிருக்கேன். கோயில் கதவுல தொங்குற பூட்டுக்காக இறங்கியிருக்கேன். எனக்காக இறங்கலை. இதுவும் ஞானஸ்நானம்தான்னு உங்க வாயால சொல்லுங்க, இப்பவே முங்குறேன். சொல்லுங்க மாமா."

வாத்தியாருக்குப் பொறுக்கலை. "யோபு, சும்மா ஆமான்னு சொல்லித் தொலைய்யா! ஒரு வார்த்தையில எல்லாம் தீந்துரும்!"

யோபு தோள்ல கிடந்த துண்டை எடுத்துத் தம்பி கையில குடுத்தாராம்.

"மாசிலாமணி, உன் சம்சாரத்துக்குக் குளிரும், இதைக் குடு. மேல ஏறி வாம்மா. பொய் சொல்லச் சொல்லி உன்னைத் தண்ணியில நிக்க வெச்சுட்டேன். என் சட்டத்தை என்னைவிட நீதான் ஒழுங்கா வெச்சிருக்க."

சொன்னவரு நேராப் போயி தன் பூட்டைத் திறந்து கிணத்துல வீசினாராம். அப்புறம் வாத்தியாரும் தன் பூட்டைத் திறந்து வீசினாராம். கிணறு தூர் வாரினப்போ ஒண்ணுதான் கிடைச்சுது. அது எந்தக் கட்சிப் பூட்டுன்னு இன்னும் சண்டை ஓயலை.

அதோட முடிஞ்சுதுன்னு எந்திரிக்காதீங்க. அடுத்த மாசம் பந்தி. யோபு தட்டைத் தூக்கிட்டு வந்தாரு. தொற்காள்கிட்ட வந்தாரு, தாண்டித்தான் போனாரு. சட்டம் சட்டம்தான். எல்லாருக்கும் குடுத்து முடிச்சு, தட்டைக் கீழ வெச்சுட்டு, தான் மட்டும் ஒரு துணுக்கும் எடுக்காமப் போயிக் கடைசிப் பாய்ல உக்காந்துட்டாராம்.

"ஏன் டீக்கனாரே?"ன்னு ஐயர் கேட்டாராம்.

"சட்டத்தை நான் மாத்த மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு திங்காம இனி நானும் திங்க மாட்டேன்."

அதுக்கு அடுத்த பந்தியில பாத்தா, வாத்தியார் சற்குணமும் திங்கலை! அதே கடைசிப் பாய்ல யோபு பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டாராம். ரெண்டு பேரும் திங்காம, காதோட காதாச் சண்டை மட்டும் போட்டுக்கிட்டிருப்பாங்களாம். இப்படியே பல வருசம் ஓடிப் போச்சு. தொற்காளை இறங்குன்னும் யாரும் சொல்லலை, இறங்காதேன்னும் யாரும் சொல்லலை.

ஒரு நாள் காலையில, யோபு களத்துல சோளம் காய வெச்சுக்கிட்டிருந்தாராம். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. தொற்காள் வந்து நின்னாங்களாம்.

"மாமா, தொட்டியில தண்ணி இருக்குதுங்களா?"

அந்த இரும்பு மனுசன் சோளத்தை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சாராம். "யாருக்காகம்மா?"

"எனக்காகங்க. ஆனா ஒண்ணு. எங்கப்பன் சபையில என் நெத்தியில விழுந்த தண்ணி பொய்யின்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

"அதைச் சொல்லுன்னு கேக்க நான் யாரும்மா?"

அந்த வயசுலயும் யோபுவே மாட்டைப் பூட்டினாராம். வாத்தியார் குடம் குடமா ஊத்தினாராம். வெள்ளப்பாறைக்கு ஆள் போயி, அந்த சபை மொத்தமும் வந்து கரையில நின்னு பாடுச்சாம். அன்னிக்குப் பந்தியில யோபு தட்டைத் தூக்கிட்டு நேரா எங்க தொற்காள்கிட்டதான் வந்தாரு. அவங்க எடுத்தப்புறம்தான் அவர் எடுத்தாரு, அப்புறம்தான் வாத்தியார். எங்க வம்சத்துக்கு இதுக்கு மேல என்ன பெருமை வேணும், சொல்லுங்க!

நம்ம சபை மத்த சபையோட சேந்துச்சான்னு கேப்பீங்க. சேரலை. உடையவும் இல்லை. இன்னிக்கும் உள்ள சண்டை உண்டு, கதவுக்குப் பூட்டு கிடையாது. போயிப் பாருங்க.

அதுக்குத்தான் அந்தப் படிக்குத் தொற்காள் படின்னு பேரு. முங்க வர்றவங்க அங்க நிக்கணும். ஐயர் இப்பல்லாம் நீட்டி முழக்கிக் கேக்குறதில்லை. 'யாருக்காக?' அவ்வளவுதான். 'எனக்காக'ன்னு மனசாரச் சொல்ல முடிஞ்சா இறங்கலாம். முடியலைன்னா திரும்பி ஏறி வந்துரலாம். ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, கரையில இருக்குறவங்க துண்டு குடுப்பாங்க. வாலிபத்துல நானே ஒரு தடவை ஏறி வந்தவன்தான். எனக்குத் துண்டு குடுத்தது யாரு தெரியுமா? சற்குணம் வாத்தியாரோட பேரன்.

ஏம்ப்பா கண்ணாடி போட்டவனே, நாளைக்கு இறங்கப் போறது நீதானே? உன் மாமனார் சொல்லித்தான் வந்தேன்னு காலையில யாருகிட்டயோ சொல்லிக்கிட்டிருந்த, என் காதுல விழுந்துச்சு. பரவால்ல, பயப்படாத. இன்னும் ஒரு ராத்திரி இருக்குது, நல்லா யோசி.

நான் எதுக்கும் துண்டு எடுத்துக்கிட்டே வர்றேன்.