இருபத்தொன்பது வீதம்

சோலர் பனலைப் பலர் வெயிலில் போட்டுவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். அது பிழை. வெயில் நகர நகரப் பனலையும் திருப்பவேண்டும். நம்முடைய கிழக்குக் கரையில் அது காலையில் கடலைப் பார்த்து இருக்கவேண்டும், பின்னேரம் காட்டைப் பார்த்து. மணிக்கு ஒருதரம் எழுந்து திருப்பினால் போதும். மடித்து முதுகுப்பையில் கொண்டுபோகிற சின்னப் பனல் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். ஆனால் பனலைப் பற்றி முதலில் கதை எடுத்தது நீங்கள்தான். "காலையில நடக்கப் போய்ப் பின்னேரந்தான் வந்தனான் எண்டு சொல்லுறீர். அப்ப பனல் ஏன் காட்டுப்பக்கம் பார்க்குது?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இருபது வருடமாக ரியூசனில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். என் மாணவர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. அதனால்தான் முதலில் சொன்னதைக் கிழிக்கச் சொல்லிவிட்டு, இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

என் வீடு லிங்கநகரில். மனைவி சிவரூபி ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். காலையில் அவளுடைய போனை நூறு வீதம் சார்ஜோடு நான்தான் கையில் கொடுப்பேன். பின்னேரம் வாங்கிப் பார்த்தால் எழுபத்தொன்று இருக்கும். மிச்ச இருபத்தொன்பது எங்கே போனது என்று கேட்பேன். புருஷன் கேட்காமல் வேறு யார் கேட்பது? பாட்டுக் கேட்டேன் என்பாள், தம்பியோடு கதைத்தேன் என்பாள். பாட்டுக்கு எவ்வளவு போகும், கதைக்கு எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தால் எப்போதும் ஆறேழு வீதம் இடிக்கும். ஒருநாள் அந்த ஆறேழு வீதத்துக்காகச் சார்ஜர் வயரால் அடித்தேன். கோபத்தில் அல்ல. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, அயலில் யாரையும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த வயர் ஒழுங்காக வேலை செய்யவில்லை, புதிது வாங்கவேண்டி வந்தது. அவள் ஒரு மாதம் நீளக்கைச் சட்டை போட்டாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கிளிவெட்டியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போனை நிறுத்தி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருந்தாள். திறந்து பார்த்தேன். நூறு வீதம். ஒரு வீதம்கூடச் செலவழிக்காமல் விட்டுப் போயிருக்கிறாள். அதைப் பார்த்தபோது அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை ஒளிக்க ஒன்றும் இல்லை. அவளுடைய புது நம்பர் எனக்குத் தெரியாது. கிளிவெட்டிக்குப் போனால் படலையைத் திறக்கமாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அவளோடு ஒருதரம் ஆறுதலாகக் கதைக்கவேண்டும்.

மூன்று கிழமை கழித்து அவளுடைய தம்பி இராகுலன் வந்தான். நல்ல பிள்ளை. வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. "அத்தான், ரெண்டு நாள் எங்கயாவது கடற்கரையில கூடாரம் அடிச்சு இருப்பம். ஆக்களில்லாத இடத்தில இருந்து ஆறுதலாக் கதைக்கலாம்" என்றான். அக்காவைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறான், அதற்கு முன்னோட்டமாக என்னிடம் கதைக்கிறான் என்று நினைத்தேன். புதுத் தலையணை உறைகூட வாங்கி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

புல்மோட்டை வீதியில் போய், காட்டுக்குள்ளால் இறங்கி, அந்தக் கரையில் சனிக்கிழமை கூடாரம் அடித்தோம். கரண்ட் இல்லை, கடை இல்லை. போனுக்கு ஒரு கோடு சிக்னல் மட்டும் இருந்தது. பனல் என்னுடையது. இராகுலனுக்கு அதை மதிக்கத் தெரியாது. என் வயரைக் கழற்றிவிட்டுத் தன் பாட்டுப் பெட்டியைக் குத்துவான். ஈரச் சட்டையைப் பனலின் மூலையில் காயப்போடுவான். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் முழுப் பனலும் சோர்ந்துவிடும் என்று இரண்டுதரம் சொன்னேன். "சரி சேர்" என்று மாணவன் மாதிரிக் கை கட்டிச் சிரித்தான். அக்காவின் கதையை எடுத்தபோதெல்லாம், "நாளைக்குக் கதைப்பம் அத்தான்" என்றான். அவனுக்கும் வாய் வரவில்லை என்று இப்போது விளங்குகிறது.

ஞாயிறு காலை அவனுடைய போன் செத்துக் கிடந்தது. நானே எடுத்துப் பனலில் குத்தினேன். எட்டு மணிபோல் உயிர் வந்தது. அவன் ஓடிவந்து திறந்து பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனான். நான் பனலைச் சரிசெய்யக் குனிந்தேன். அப்போதுதான் செய்தி வந்தது. மேலே "அக்கா புது நம்பர்" என்று இருந்தது. கீழே இப்படி இருந்தது.

"தம்பி, அத்தானிட்டச் சொல்லிட்டியா? நான் இனி அங்க வரமாட்டன். லோயரையும் கண்டுட்டன். கவனமா இரு. அவரை உனக்குத் தெரியாது."

வரமாட்டேன் என்பதை நான் தாங்கியிருப்பேன். கவனமாக இரு என்றது தாங்க ஏலாமல் இருந்தது. பத்து வருடம் ஒரே பாயில் படுத்தவள், கடிக்கிற நாயைப் பற்றிச் சொல்வதுபோல் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

முளை அடிக்கிற சுத்தியல் கூடாரத்து வாசலில் கிடந்தது. இராகுலன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். "அத்தான், சீனி எத்தினை கரண்டி?" என்று கேட்டான். காதுக்கு மேலே அடித்தேன். சத்தம் பெரிதாக இல்லை. கேத்தல் கவிழ்ந்து சுடுதண்ணீர் அவன் தொடையில் கொட்டியது, அதற்கு அவன் கத்தவில்லை. இரண்டாவது அடி பிடரியில். அதற்குப் பிறகும் அவன் தவழ்ந்தான், என்னை நோக்கி அல்ல, போனை நோக்கி. அவனுடைய நிழல் பனலில் விழுந்தது. வலது கையை நீட்டினான். மணிக்கட்டில் அடித்தேன், எலும்பு உடைந்தது தெரிந்தது. இன்னும் நீட்டினான். இன்னும் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. பெருவிரலில் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அவனை வெயிலில் விடவில்லை. கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். தண்ணீர் கேட்டான், பருக்கினேன். வாயின் ஒரு பக்கத்தால் வடிந்தது. காது வழியாகவும் இரத்தம் வந்துகொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அது சரியாக இருக்கலாம். என் போனில் அப்போது அறுபத்தெட்டு வீதம் இருந்தது. சார்ஜ் இல்லாததால்தான் அம்புலன்சுக்கு அழைக்கவில்லை என்று முதலில் சொன்னது பொய். அம்புலன்ஸ் வந்தால் அவனோடு அவனுடைய போனையும் கொண்டுபோய்விடுவார்கள். அந்த நம்பரிலிருந்து அழைத்தால்தான் சிவரூபி எடுப்பாள். அந்தப் போனில் பதினொரு வீதம்தான் ஏறியிருந்தது. எனக்கு அவளோடு நிறையக் கதைக்க இருந்தது. கதை நடுவில் போன் செத்துப்போனால் என்ன செய்வது? அதனால் நூறு ஏறட்டும் என்று இருந்தேன். ஒன்பதுக்குத் திருப்பினேன், பத்துக்குத் திருப்பினேன். பதினொன்றுக்குக் கச்சான் காற்று பனலைக் கவிழ்த்தது, கல் வைத்தேன்.

இரண்டு மணிபோல் கலீலுர் றஹ்மான் வந்தார், கரையோரம் வலை பார்த்துக்கொண்டு போகிறவர். அவர் சொன்னதெல்லாம் உண்மை. பனலைத் திருப்பிக்கொண்டு நின்றது நான்தான்.

"சேர், வூட்டுக்கு ஒரு கோல் எடுக்கணும். எண்ட போன் செத்துப் போச்சி. உங்கடதத் தருவீங்களா?" என்றார்.

"எங்கடையும் இன்னும் ஏறேல்லை" என்றேன்.

"உள்ளுக்கு ஆரு சேர் முனகுற?"

"மச்சான். ராத்திரி கொஞ்சம் கூடிப்போச்சு."

"தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக் குடுங்க சேர். பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுசன். அவரைப் பொய் சொல்லி அனுப்பியது இன்னும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாலு மணிக்கு முனகல் நின்றது. நாலரைக்கு நூறு வந்தது. போனைத் திறப்பதற்கு அவனுடைய பெருவிரலை ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். உடனே திறந்தது. அழைத்தேன். இரண்டாவது மணி அடிக்க முன்னரே எடுத்தாள்.

"தம்பி, சொல்லிட்டியா? அத்தான் என்ன சொன்னவர்?"

இருபத்தாறு நாளுக்குப் பிறகு அவள் குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரூபி, நான்தான். உன்ர தம்பி இஞ்சதான் படுத்திருக்கிறான். நீ வந்தியெண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஆறுதலாக் கதைப்பம்" என்றேன். அவன் மூச்சை விட்டு அரைமணி நேரம் ஆகிவிட்டது என்பதைச் சொல்லவில்லை. அவளைப் பதறவைக்க எனக்கு விருப்பமில்லை.

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல் அல்ல. பிறகு தொடர்பு அறுந்தது. பதினொரு முறை அழைத்தேன், போன் நிறுத்தப்பட்டிருந்தது. அவள்தான் உங்களுக்கு அறிவித்தாள், இடத்தைத் தம்பி முதலே அவளுக்குச் சொல்லியிருந்தான் என்கிறீர்கள். உங்கள் ஜீப் வரும்போது நான் இராகுலனின் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தொண்ணூற்றேழு வீதம் மிச்சம் இருந்தது.

இராகுலனைக் கொன்றது நான்தான். சுத்தியலால் அடித்ததும், சாகும்வரை பக்கத்தில் இருந்ததும் நான்தான். யாரும் வற்புறுத்தி இதை எழுதவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பனலைத் தடயப்பொருளாக வைத்திருக்கிறீர்கள். வழக்கு முடிந்ததும் அதைச் சிவரூபியிடம் கொடுத்து, எப்படித் திருப்புவது என்றும் சொல்லிக்கொடுங்கள். அன்றைக்கு அவளுடைய போனில் சார்ஜ் முடிந்துபோயிருக்கும். சார்ஜ் இருந்திருந்தால் அவள் என்னோடு கதைத்திருப்பாள்.