தரம் குறையாமல்

போனில் எடுத்த படத்தை அப்படியே அனுப்பி அடுத்தவர் போனை அடைத்துவைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு குழந்தை வாயில் விரல் வைத்திருப்பதைக் காட்ட அவ்வளவு பெரிய கோப்பு எதற்கு? கொஞ்சம் சுருக்கினால் குழந்தையும் குறையாது, விரலும் குறையாது. எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் என் கைக்கு வந்து இளைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். அதனால் அண்ணன் எனக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார். எனக்கு அதில் வருத்தமில்லை. பெருமைதான்.

மருத்துவமனையில் கணினிப் பிரிவு என் பொறுப்பு. ஸ்கேன் படங்களால் சர்வர் நிரம்பி வழிந்தபோது நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். "புது டிஸ்க் கேக்காதீங்க. குவாலிட்டியும் குறையக் கூடாது. ஏதாவது பண்ணுங்க." பண்ணினேன். படம் என்பது புள்ளிகள்தானே. அடுத்தடுத்த புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம் என்றால் ஒவ்வொன்றையும் தனியாக எழுதிவைக்காமல் கூட்டாக எழுதிவிடலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நான் எழுதிய நிரல், வருகிற படத்தைச் சுருக்கி டாக்டரின் திரைக்கு அனுப்பும். அசல் சில நாள் ஒதுக்குப்புறமாக இருந்துவிட்டுத் தானாக அழியும்.

எல்லா டாக்டர்களையும் உட்காரவைத்து அசலையும் சுருக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். தலைமை மருத்துவர் சுருக்கியதைத் தொட்டு, "இதுதான் ஒரிஜினல். என்ன தெளிவு பாருங்க" என்றார். அவர் கண்பார்வையை நான் குறை சொல்லவில்லை. அதுதான் என் வெற்றி.

ஸ்கேன் பிரிவு டாக்டரம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெளிவு வேணாம்ப்பா. அதுல சின்னதா ஒண்ணு இருந்தா, அது இருக்கணும்."

"கண்ணுக்கே தெரியாதது எதுக்கு மேடம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவரை அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. பாவம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று காட்டியது மிதமாகச் சுருக்கிய படம். கைதட்டல் கேட்ட பிறகு கை சும்மா இருக்கவில்லை. அவ்வப்போது இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. படங்கள் மழுமழுவென்று அழகாகவே இருந்தன.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருமல் விடவில்லை என்று அண்ணி இழுத்துக்கொண்டு வந்தார். வரிசையில் நிற்கவிடாமல் நானே முன்னால் நின்று நெஞ்சு ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். அன்று பணியில் இருந்த டாக்டர் திரையைப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்று சொல்லி இருமல் மருந்து எழுதி அனுப்பிவிட்டார்.

பாசம் யாரை விட்டது? அறைக்குப் போய் அசலைத் திறந்து பார்த்தேன். வலது நுரையீரலில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. சுருக்கிய படத்தில் அந்த இடம் அக்கம்பக்கத்துச் சாம்பலோடு ஒன்றாகக் கலந்திருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்வதானால், எவ்வளவு நேர்த்தியாகக் கலந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. தையல் தெரியவில்லை.

அசலை டாக்டரம்மாவிடம் கொண்டுபோயிருக்கலாம். மாடிப்படி ஏறினால் அவர் அறை. ஆனால் அவர் அண்ணனோடு நிறுத்துவாரா? மற்ற நோயாளிகளின் படங்களையும் கேட்பார். மருத்துவமனையின் பெயர் கெடும். நான் மருத்துவமனையை நினைத்தேன். அந்த அம்மா சிரிக்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா என்னைப் பார்ப்பார். அதையும் நினைத்தேன்.

அசலை அது அழிய வேண்டிய நாளுக்கு முன்பே அழித்தேன். பிறகு சாப்பிடப் போனேன்.

அண்ணன் மெலிந்துகொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து கேட்டார். "வேற எங்கயாவது காட்டலாமாப்பா? நீ அந்தப் படத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. ஒண்ணும் இல்ல."

"கத்திரியே பாத்துட்டானே, அப்புறம் என்ன? சும்மா இரு நீ" என்று அண்ணன் அவரை அடக்கினார். அப்போது அவருக்குப் பேசவே மூச்சு வாங்கியது. தம்பியை நம்புகிற அண்ணன்கள் இந்தக் காலத்தில் குறைவு.

கடைசியில் அண்ணி என்னைக் கேட்காமலே வேறு இடத்துக்குக் கூட்டிப்போனார். எலும்பு வரைக்கும் பரவிவிட்டது, ஆரம்பத்திலேயே வந்திருக்கலாமே என்றார்களாம். அண்ணன் போய்ச் சேர்ந்தார். எல்லா வேலைக்கும் நான்தான் ஓடினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்னப்பா பண்ணியிருப்பேன்" என்று அழுதார்.

டாக்டரம்மா மட்டும் விடவில்லை. அண்ணன் விஷயம் காதுக்கு எட்டியதும், அவர் ஸ்கேனின் அசல் நாள் வரும் முன்பே எப்படி அழிந்தது என்று கேட்டு விசாரணை வைக்கச் சொன்னார். வைத்தார்கள். நிரலில் ஏற்பட்ட கோளாறால் அசல் முன்கூட்டியே அழிந்துவிட்டது, இதில் யாருடைய தவறும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். நிர்வாகி என் தோளில் தட்டி, "தப்பிச்சீங்க" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கோளாறாம். என் நிரலில்.

அதனால்தான் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தியதா என்று நீங்கள் கேட்டீர்கள். தப்பான தகவல் பதிவாகிவிட்டால் யாருக்குத்தான் உறுத்தாது? நிரல் சொன்ன நாளில் சொன்னதைச் செய்தது. அண்ணனுக்கு என்ன இருந்தது என்று தெரிந்தே அசலை அழித்தது நான். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவரை வீட்டிலேயே உட்காரவைத்ததும் நான்தான்.

மற்ற நோயாளிகள் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். அதை யாராலும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அசல்கள் இல்லை. அதனால் என்மேல் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், படத்தின் தரம் குறைந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி ஒரு புகார் இன்றுவரை எந்த நோயாளியிடமிருந்தும் வந்ததில்லை.