ஊசிப்போகாத ரத்தம்

வலிக்காமல் ரத்தம் எடுப்பதில் என் கை லேசு என்று சுங்குவார்சத்திரத்தில் பேர் உண்டு சார். கம்பெனி வேலைக்கு முன்னால் மெடிக்கல் டெஸ்டுக்கு வரும் பிள்ளைகள், "முத்துச்செல்வி அக்காதான் குத்தணும்" என்று வரிசை மாறி நிற்பார்கள். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லேப் முதலாளி நடேசனை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது சின்ன வார்த்தை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது ட்யூப் சேராமல் மிஷினைப் போடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார். ரொம்ப நேரம் கிடந்தால் ரிசல்ட் மாறிவிடும் என்று சொன்னேன். "ரத்தம் இன்னா சாம்பாரா, ஊசிப் பூட? நீ உன் வேலையப் பாரு" என்றார்.

தண்டலத்தில் என்னோடு ரூமில் இருந்த தங்கமாரி கம்பெனி மெடிக்கலுக்குக் கொடுத்த ரத்தம் அப்படித்தான் மறுநாள் வரை ஃபிரிட்ஜில் கிடந்தது. அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து, ஐந்துக்குள் இருக்க வேண்டிய அளவு ஏழைத் தாண்டிக் காட்டியது. கிட்னிக் கோளாறு, அன்ஃபிட். "எக்கா, எனக்கு ஒரு நோவும் இல்லியே, ரிப்போர்ட்டு தப்பால்லா இருக்கும்?" என்று அழுதாள். கைக்கு வந்த வேலை போச்சு. ஊருக்குப் போனவளைச் சீக்காளி என்று சொல்லி இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வயசு சார். எல்லாம் அந்த ஆளால்தான்.

நடேசனுக்குச் சர்க்கரை. சொந்த லேப் இருக்கும்போது வெளியே எதற்கு என்று மாதாமாதம் என்னிடம்தான் கையை நீட்டுவார். சர்க்கரை பார்க்க, உள்ளே மருந்து போட்ட ட்யூப் தனியாக உண்டு. அதில் எடுத்தால் அளவு அவ்வளவாகக் குறையாது. நான் வெறும் ட்யூபில் எடுத்தேன். ஒரு துளியை ஸ்ட்ரிப்பில் விட்டுப் பார்த்தேன், 290. மீதியைச் சாயங்காலம் வரை ஜன்னலோர வெயிலில் வைத்தேன். வைத்திருக்கும் ரத்தத்தில் அணுக்கள் தம் பாட்டுக்குச் சர்க்கரையைத் தின்னும். முப்பது சேர்ந்ததும் மிஷினைப் போட்டேன், 138. அதைத்தான் ரிப்போர்ட்டில் எழுதினேன். ஒரு எண்ணைக்கூட நான் திருத்தவில்லை. அவர் சட்டத்தை அவருக்கே வைத்தேன், அவ்வளவுதான்.

இப்படிப் பதினோரு மாதம். அவர் மாத்திரையைப் பாதியாக்கினார். "டாக்டருங்க சும்மா பயமுறுத்திக்கினு கீறானுங்க" என்று என் எதிரிலேயே ஜாங்கிரி தின்றார். காலில் கொப்புளம் வந்தபோது நானே மருந்து வைத்துக் கட்டினேன். சர்க்கரை நார்மல்தானே சார், ஆறிவிடும் என்றேன். அழுகிப்போய், முழங்காலுக்கு மேல் எடுத்தும் பிழைக்கவில்லை. சாவுக்குப் போய் மாலை போட்டேன். அப்போதும் என் கோபம் தணியவில்லை.

தங்கமாரி ரிப்போர்ட் தப்பாகாமல் தடுத்திருக்க முடியாதா என்று நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவள் ரத்தத்தை அன்றைக்கே சுழற்றுகிற தனி மிஷினில் போட்டு, அணுக்களுக்கு மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பத்து நிமிட வேலை. அதை நடேசன் ஒருநாளும் தடுத்ததில்லை. ரிப்போர்ட் தப்பா என்று அவள் கேட்டபோது, மிஷின் பொய் சொல்லாது என்று சொன்னதும் நான்தான்.

அன்றைக்கு எனக்குத் தண்டலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது சார்.