அடுத்த காம்பராக்காரன் காது

பலாங்கொடையில் தேயிலைத் தோட்டத்து பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தையில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ரேடியோவுக்கு ஸ்பீக்கர் பொட்டி வாங்கணும்னா வச்சிருக்கவன்கிட்ட கேக்காதீங்க மாமா. அடுத்த காம்பராக்காரன்கிட்ட கேளுங்க.”

அவர் பக்கத்திலிருந்த பெரியவர் மடியில் ஒரு பத்திரிகை விரிந்திருந்தது. “இதுல சின்னப் பொட்டிதான் நல்லதுன்னு எழுதியிருக்கான். கடை முதலாளி பெருசுங்கிறாரு.”

“எழுதினவன் நம்மள மாதிரி லயத்து வீட்டு வரிசையிலயா இருக்கான்? நம்ம காம்பராவுக்கு காம்பரா நடுவுல உள்ள செவரு கூரை வரைக்கும் போகல. வாங்கினவன் காசு போட்டவன், நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். சும்மா கேக்குறவனுக்கு பொய் சொல்ல என்ன இருக்கு?”

“அப்ப நீயே சொல்லு. ஒன் அடுத்த காம்பராவுல எந்தப் பொட்டி?”

“சின்னதுதான். ஆறு வருசமா கேக்குறேன். பாட்டும் தெளிவு, செய்தியும் தெளிவு. அதே மாதிரி ஒண்ணுதான் நானும் இன்னைக்கு கடையில பாத்துட்டு வர்றேன்.”

“செவருக்கு மேல பாட்டு சும்மாவே வருதே, ஒனக்கு எதுக்குடா?”

டிரைவர் ஏறி எஞ்சினைப் போட்டுவிட்டதால், முன் சீட்டுக்காரர் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

“அடுத்த காம்பராக்காரங்களுக்கு இந்தியாவுக்கே திரும்பிப் போக பேப்பர் வந்திருச்சு மாமா. அடுத்த மாசம் கப்பல். பொட்டியையும் கொண்டு போறாங்க.”